பழைய படகு மோட்டாரைக் கண்டம் செய்யும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. மணல் ஓடுகிற பாலாற்றுக்குப் படகு எதற்கு என்று நம் பக்கம் கேலி பேசுவது வழக்கம். 1903 நவம்பரில் வாணியம்பாடியைப் புரட்டிப் போட்டது இதே பாலாறுதான். 2021 நவம்பரில் பாலாறும் குடியாத்தத்தில் கவுண்டின்ய ஆறும் கரை மீறியதை யாரும் மறந்திருக்க முடியாது. அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் இருக்கிறது. அவர்களுடைய படகையும் மோட்டாரையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் எழுதுவது மற்ற மோட்டார்களைப் பற்றி. ஏரி மீன் குத்தகைதாரர்களின் கொட்டகையிலும், அலுவலகக் கிடங்குகளிலும், தனியார் படகுத் துறைகளிலும் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் 8 முதல் 40 குதிரைத்திறன் வரையிலான டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும்) மோட்டார்கள் அவை. பலவும் கடற்கரை ஊர்களில் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தவை.

இவற்றில் பெரும்பாலானவை ‘ஓடாது’ என்று கண்டம் செய்யப்படுகின்றன, அதாவது பயன்படாதவை என்று ஒதுக்கப்படுகின்றன. திறந்து பார்த்தால் பிஸ்டனும் கிராங்கும் நன்றாகவே இருக்கும். கெட்டிருப்பது ரப்பரும், கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட் அடைபட்டதும்தான். உண்மையான சேதம் பல வருடம் கழித்து ஒருநாள் அவசரமாகக் கயிற்றை இழுக்கும்போது நடக்கிறது. ஆகவே முதல் வேண்டுகோள்: மழை வந்த பிறகல்ல, ஆவணி, புரட்டாசியிலேயே மோட்டாரை இறக்கிப் பாருங்கள். இரண்டாவது, எடுத்தவுடன் கயிற்றில் கை வைக்காதீர்கள்.

முதலில் ப்ளக்குகளைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு ப்ளக் துளை வழியாகவும் ஒரு தேக்கரண்டி டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, ஓர் இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். மேலிருந்து பார்க்கையில் கடிகார முள் சுற்றும் திசையில் மட்டுமே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் கீழே தண்ணீர் பம்ப்பில் ஒரு பக்கமாக மடிந்து படிந்திருக்கும் இம்பெல்லர் (தண்ணீரை ஏற்றும் ரப்பர் சக்கரம்) இதழ்கள் முறிந்துவிடும். இறுகிப்போயிருந்தால் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஏடிஎஃப் ஆயிலும் சமபங்கு கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு மறுபடி முயலலாம். நீளமான பைப் மாட்டி நெம்பினால் பிஸ்டன் வளையம் உடைந்து சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். பிறகு சிலிண்டரை லேத்தில் கடைந்து ‘போர்’ அடிப்பதைத் தவிர வழி இல்லை.

சுற்றுகிறது என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், பார்க்க வேண்டும். எல்லா ப்ளக்கும் கழற்றிய நிலையில், த்ராட்டிலை முழுக்கத் திறந்து, கேஜை மாட்டி நான்கைந்து முறை இழுத்தால் முள் ஓரிடத்தில் நிற்கும். இந்த அளவு மோட்டார்களில் 90 பிஎஸ்ஐக்கு மேல் இருப்பது நல்லது. அதைவிட முக்கியம் இரண்டு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் வளையம் கரியில் ஒட்டியிருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்து இரண்டும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். கண்டம் செய்வதா வேண்டாமா என்பதை இந்தச் சோதனைக்குப் பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். மோட்டாரின் வெளிப் பெயின்ட் உரிந்திருப்பதைப் பார்த்து முடிவு செய்பவர்களே அதிகம்.

அடுத்து கரண்ட். தீப்பொறி இல்லை என்று காயிலையும் சி.டி.ஐ. பெட்டியையும் (பொறிக்கான மின்சாரத்தைத் தரும் மின்னணுப் பெட்டி) மாற்றுவதற்கு முன் சிவப்புச் சுருள் கயிற்றின் கிளிப் சுவிட்சில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் மோட்டாரை நிறுத்துவதற்கான கயிறு அது. அது இல்லாவிட்டால் பொறி வராது. அப்படியும் வராவிட்டால் ஸ்டாப் சுவிட்சிலிருந்து வரும் ஒயரைத் தற்காலிகமாகக் கழற்றிப் பாருங்கள். பொறி வந்தால் குற்றவாளி சுவிட்ச்தான். சோதனை முடிந்ததும் ஒயரைத் திரும்ப மாட்டியாக வேண்டும், இல்லையென்றால் ஓடும் மோட்டாரை நிறுத்த வழி இருக்காது. சி.டி.ஐ. உள்ள மோட்டாரில் ப்ளக் ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டுக் கயிறு இழுக்கக் கூடாது, எப்போதும் பாடியில் எர்த் ஆகியிருக்க வேண்டும். பழைய ஜான்சன், எவின்ரூட் மாடல்களில் ஃப்ளைவீலுக்கு அடியில் காண்டாக்ட் பாயின்ட் இருக்கும். நுண் உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்து, இடைவெளியை 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் வைத்தால் பாதி மோட்டார்கள் உயிர் பெற்றுவிடும். ஃப்ளைவீலைப் புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும், சுத்தியால் அடிப்பது கிராங்கைக் கெடுக்கும். ப்ளக் எண்ணை மோட்டார் மூடியின் உள்பக்கத்திலேயே ஒட்டியிருப்பார்கள். என்.ஜி.கே. பி7எச்எஸ்-10 என்றால் கடைசி 10 என்பது 1.0 மில்லிமீட்டர் இடைவெளியைக் குறிக்கும். பைக் ப்ளக் ‘சைஸ் ஒன்றுதானே’ என்று மாட்டுவது வேண்டாம்.

பெட்ரோல் விஷயத்தில்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல் அதிகம். வேலூர் வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஒரு தகரக் கொட்டகையில் கார்புரேட்டருக்குள் விட்டுவைத்த பெட்ரோல் ஒரே கோடையில் ஆவியாகி, பழுப்பு நிறப் பிசினாக ஜெட்டில் படிந்துவிடும். இப்போது பங்க்கில் கிடைக்கும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இன்னொரு தலைவலி. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மீறியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்க்கின் அடியில் போய் உட்காரும். உறிஞ்சு குழாய் இருப்பதும் அடியில்தான். டூ-ஸ்ட்ரோக் ஆயிலோ மேலே பெட்ரோலோடு தங்கிவிடும். ஆக, மோட்டாருக்கு ஆயில் இல்லாத கலவை போகிறது, சில நிமிடங்களில் பிஸ்டன் பிடித்துக்கொள்கிறது. ‘ஆயில் கலந்துதானே ஊற்றினோம்’ என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்வார்கள்; அவர்கள் சொல்வதும் பொய் இல்லை. எனவே பழைய பெட்ரோலை முழுக்கக் கொட்டிவிட்டு, டாங்க்கைக் காயவைத்து, புதியதை அன்றன்று கலந்து பயன்படுத்துங்கள். கலந்து வைத்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

எத்தனாலுக்கு முன்பு செய்த ரப்பர் ஹோஸ் உப்பி உள்ளே தூள் தூளாக உதிரும். ஹோஸ், கைப்பம்ப் பல்பு, கனெக்டரில் உள்ள ஓ-ரிங், ஃப்யூயல் பம்ப் டயாஃப்ரம் இந்த நான்கையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது. பல்பில் உள்ள அம்புக்குறி மோட்டாரைப் பார்த்து இருக்க வேண்டும். அழுத்த அழுத்த அது கல்லாக இறுக வேண்டும். இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. நன்றாக ஸ்டார்ட் ஆகி ஐந்து நிமிடத்தில் நின்றுபோனால் கார்புரேட்டரைக் கழற்ற ஓடாதீர்கள். டாங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறக்கப்படாமல் இருக்கும். ஏரியின் நடுவில் படகு நின்றுபோகும் சம்பவங்களில் இதுவும் கிளிப் கயிறும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

கார்புரேட்டரைப் பிரித்தால் ஜெட்டுகளை க்ளீனர் ஸ்ப்ரேயாலும் காற்றாலும் ஊதுங்கள். குத்தித்தான் ஆக வேண்டும் என்றால் நைலான் தூண்டில் நரம்பு போதும். ஊசியோ இரும்புக் கம்பியோ பித்தளைத் துளையைப் பெரிதாக்கிவிடும், பிறகு எந்த ட்யூனிங்கும் சரிவராது. ஐட்லிங் திருகை மெதுவாக முழுக்க உள்ளே திருப்பி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பிக்கலாம். மிக அழுத்தி உட்காரவைத்தால் ஊசி முனை வெட்டுப்படும். பழைய மாடல்களில் கார்க்கால் ஆன மிதவை இருந்தால் எத்தனால் அதன் மேல்பூச்சைக் கரைத்து முழுகடித்துவிடும். கார்புரேட்டரின் வாய் வழியாக பெட்ரோல் புகையாகத் திரும்பித் துப்பினால் குறை கார்புரேட்டரில் இல்லை, அதற்குப் பின்னால் உள்ள ரீட் வால்வின் இதழ் உடைந்திருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் ஐட்லிங்கில் நிற்கவில்லை என்றால் கிராங்க் ஆயில் சீல் வழியாகக் காற்று இழுக்கிறது. அந்த நிலையில் விடாமல் ஓட்டினால் கலவை மெலிந்து பிஸ்டன் உருகும்.

ஆயில் கலவை மோட்டாருக்கு மோட்டார் மாறும்: மூடியில் போட்டிருப்பதே வேதவாக்கு. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. நெடுநாள் கழித்து ஓடும் மோட்டாருக்கு முதல் டாங்க் 25-க்கு 1 விடுங்கள். புகை கக்கும், பரவாயில்லை. ஆயில் டப்பாவில் டி.சி.-டபிள்யூ.3 என்ற, தண்ணீரில் குளிரும் டூ-ஸ்ட்ரோக் மோட்டாருக்கான தரக் குறியீடு இருக்க வேண்டும். பைக்குக்கான 2டி ஆயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது. அதன் சாம்பல் தரும் சேர்மானங்கள் தண்ணீரில் குளிரும் மோட்டாரில் முழுதாக எரியாமல் ப்ளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும். கடற்கரையிலிருந்து வரும் மண்ணெண்ணெய் மோட்டார்களை அடையாளம் கண்டு வாங்குங்கள். அவை பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி கார்புரேட்டரைக் கழுவ வேண்டும். இந்தப் பழக்கம் இல்லாத கைகளில் அது அடுத்த நாள் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆகாத மோட்டாருக்குள் ஈத்தர் ஸ்ப்ரே அடிப்பதும் இப்போது பரவி வருகிறது. டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது, ஸ்ப்ரேயில் ஆயில் இல்லை. சிலிண்டர் சுவரில் இருக்கும் மிச்ச ஆயிலையும் அது கழுவிவிடும்.

இனி தண்ணீர் பம்ப். ஒரு பழைய மோட்டாருக்கு ஒரே ஒரு பாகம்தான் வாங்கப் பணம் இருக்கிறது என்றால் இம்பெல்லர் வாங்குங்கள். ஓடாமல் கிடந்தாலும் அதன் ரப்பர் இதழ்கள் மடிந்த நிலையிலேயே இறுகிப்போகும். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடினாலே அது கருகிவிடும். கீழ்ப்பகுதியை இறக்க போல்ட்டுகளோடு கியர் ராடின் இணைப்பையும் கழற்ற வேண்டும். அது இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் வேறுபடும், மறந்து இழுத்தால் ராட் வளையும். கடலில் ஓடிய மோட்டாரில் எஃகு போல்ட் அலுமினியத்தோடு உப்பில் இறுகியிருக்கும். ஒரு நாள் துருநீக்கி எண்ணெய் ஊற்றி, சூடு காட்டி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டுத் தலை முறிந்தால் ராணிப்பேட்டை லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான். இம்பெல்லரோடு உள்ளிருக்கும் எஃகுக் கிண்ணம், அடித்தட்டு, இம்பெல்லரை ஷாஃப்டோடு பிணைக்கும் சாவி, கேஸ்கெட் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இதழ்களில் சோப்புத் தண்ணீர் தடவி, டிரைவ் ஷாஃப்டைக் கடிகாரத் திசையில் திருப்பிக்கொண்டே உறையை அழுத்தினால் தானாக உட்காரும். ஷாஃப்டின் பல் வரிகளில் கிரீஸ் தடவலாம், ஆனால் மேல்முனையில் தடவக் கூடாது. அங்கே கிரீஸ் அடைத்துக்கொண்டால் ஷாஃப்ட் முழுதாக மேலேறாது. மாட்டும்போது செப்புத் தண்ணீர்க் குழாய் பம்ப்பின் ரப்பர் வளையத்துக்குள் நுழைந்ததா என்று விளக்கு அடித்துப் பாருங்கள். வெளியே போயிருந்தால் புது இம்பெல்லர் போட்டும் மோட்டார் கொதிக்கும்.

சோதனைக்கு 200 லிட்டர் பேரல் போதும். தண்ணீர் மட்டம் ப்ரொபெல்லருக்கு மேலுள்ள தட்டுக்குக் குறைந்தது நான்கு விரல் மேலே இருக்க வேண்டும். ப்ரொபெல்லரைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில், திறந்த வெளியில் ஓட்டுங்கள். மூடிய அறையில் ஓட்டினால் புகை ஆளையே கொன்றுவிடும். ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் பின்பக்கச் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்தி அந்தத் துளையைத் தூண்டில் நரம்பால் குத்திப் பாருங்கள். குளவி அதில் மண்கூடு கட்டியிருப்பது நம் ஊரில் சர்வ சாதாரணம். பேரலில் வேகமாக முறுக்க வேண்டாம், தண்ணீர் நுரைத்துப் பம்ப் காற்றை இழுக்கும்.

‘வேலூர் சூட்டுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம்’ என்று அதைப் பிடுங்கி எறியும் மெக்கானிக்குகள் உண்டு. மாடலைப் பொறுத்து 50-60 டிகிரியை ஒட்டித் தண்ணீர்ப் பாதையைத் திறக்கும் பாகம் அது. இல்லாவிட்டால் மோட்டார் எப்போதும் குளிர்ந்தே ஓடி, கரி படிந்து, ப்ளக் நனைந்துகொண்டே இருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் தெர்மாமீட்டரோடு போட்டு அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். உண்மையில் நம் மோட்டார்களைக் கொதிக்கவைப்பது போர்வெல் தண்ணீர். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் தொழில் கழிவால் நிலத்தடி நீர் எப்படி ஆனது என்பதை வாசகர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்த உப்பும் சுண்ணாம்பும் மோட்டாரின் தண்ணீர்ப் பாதையில் பாறையாகப் படியும். கழுவுவதற்கு மழைநீரைப் பேரலில் பிடித்து வைத்துப் பயன்படுத்துங்கள்.

கியர் ஆயில் மாற்றுவது எளிது. அடித்திருகையும் மேல்திருகையும் கழற்றி வடியவிட்டு, அடித்துளை வழியாகவே மேல்துளையில் வழியும் வரை படகு மோட்டாருக்கான 90 கியர் ஆயிலை ஏற்ற வேண்டும். 15 குதிரைத்திறன் மோட்டாருக்குச் சுமார் கால் லிட்டர் பிடிக்கும். முதலில் மேல்திருகை மூடிவிட்டுத்தான் அடியை மூட வேண்டும். வடிந்த ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. ப்ரொபெல்லரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் வலை நரம்பு சுற்றி சீலை அறுத்திருக்கும்.

கீழே கட்டியிருக்கும் ஆனோட் துண்டையும் (தான் அரிந்து மோட்டாரை அரிப்பிலிருந்து காக்கும் உலோகத் துண்டு) கவனிக்க வேண்டும். கடலுக்குத் துத்தநாகம் சரி. ஏரி நீரில் அதன் மேல் ஆடை படிந்து வேலை செய்யாது, அலுமினியத்துக்கு மாற்றுங்கள். அதன் மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது.

ஏலகிரி போல 1,000 மீட்டருக்கு மேல் உள்ள ஏரியில் ஓட்டுபவர்கள் மோட்டார் சோம்புகிறது என்று குறைபடுவதற்குக் காரணம் காற்று மெலிந்திருப்பது. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்தி குறையும். பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த ப்ரொபெல்லர் போடலாம்.

வெள்ளத்தில் ஓட்டுவோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். பாலாற்று வெள்ளம் மணலோடு வருகிறது, அது இம்பெல்லரை அரைக்கும். ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீர்ப் பேரலில் பத்து பதினைந்து நிமிடம் ஓட்டிக் கழுவுங்கள். ஆகாயத் தாமரையும் பாலித்தீன் பையும் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையை மூடும். பின்துளை நீர் மெலிந்தால் உடனே நிறுத்தி, மோட்டாரைத் தூக்கிச் சல்லடையைப் பார்க்க வேண்டும். படகில் எப்போதும் 21 மில்லிமீட்டர் ப்ளக் ஸ்பேனர், இரண்டு புது ப்ளக், ஷியர் பின் (ப்ரொபெல்லர் எதிலாவது மோதினால் முறிந்து கியரைக் காக்கும் ஊசி), காட்டர் பின், கட்டிங் ப்ளையர், ஒரு கிளிப் கயிறு, ஃப்ளைவீலில் நேரடியாகச் சுற்றி இழுக்க ஒன்றரை மீட்டர் அவசரக் கயிறு ஆகியவை இருக்கட்டும். அவசரக் கயிறு இழுக்கும்போது கியர் நியூட்ரலில் இருப்பதைக் கையால் தொட்டு உறுதி செய்யுங்கள். கியரில் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் பூட்டு அப்போது வேலை செய்யாது.

வேலை முடிந்து கிடங்கில் வைக்கும்போது ஹோஸைக் கழற்றிவிட்டு, பேரலில் ஐட்லிங்கில் ஓடவிட்டு, கார்புரேட்டர் வற்றித் தானாக நிற்க வேண்டும். பிறகு ப்ளக் துளையில் ஆயில் விட்டு இரண்டு இழுப்பு. மோட்டாரை நிமிர்த்தியே வையுங்கள். ப்ரொபெல்லர் பக்கம் உயர்ந்திருந்தால் எக்ஸாஸ்ட்டில் தேங்கிய நீர் சிலிண்டருக்குள் இறங்கும். மூடியை எலி நுழையாதபடி பூட்டி, மாதம் ஒருமுறை கம்ப்ரஷன் தட்டும் வரை மட்டும் கயிற்றை மெல்ல இழுத்து விடுங்கள்.

கடைசியாக ஒன்று. படகு கவிழ்ந்து மோட்டார் முழுகிவிட்டால் வெளியே எடுத்தவுடன் கயிற்றை இழுக்காதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளையும். ப்ளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழ்நோக்கும்படி சாய்த்து வடித்து, நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, ஆயில் விட்டு, சுற்றுவதில் தடையோ நறநறப்போ இல்லை என்றால் மட்டும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஓடவைக்க வேண்டும். நறநறத்தால் உள்ளே மணல் இருக்கிறது, பிரித்தே ஆக வேண்டும். அன்றே மெக்கானிக் கிடைக்காவிட்டால் மோட்டாரை வெயிலில் காயவைக்காமல், மெக்கானிக் வரும் வரை நல்ல தண்ணீர்ப் பேரலில் மூழ்கியபடியே விட்டுவையுங்கள். நனைந்த பேரிங்குகள் காற்றுப் பட்டவுடன்தான் துருப்பிடிக்கத் தொடங்கும்.

இப்படிக்கு,
படகு மோட்டார் பழுது பார்ப்போர் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.